ஜிம்மா, வீட்டில் தம்பிள்ஸா, மைதானத்து நடையா: உடம்பு இறுக எந்த வழி?

போன மாதம் ஒரு ராத்திரி திருநெல்வேலி தச்சநல்லூரிலிருந்து அத்தான் போன் பண்ணினார். என் அக்கா வீட்டுக்காரர். வயது 47, உயரம் 168 சென்டிமீட்டர், எடை 82 கிலோ. பைக்கில் ஆபீஸ் போய், நாள் முழுக்க நாற்காலியில் இருந்துவிட்டு, பைக்கில் வீட்டுக்கு வருகிறவர். ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை விளிம்பில் நிற்கிறது, தொப்பையைக் குறையுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"மாப்ள, பக்கத்து ஜிம்முல ஆறு மாசத்துக்கு மொத்தமா கட்டுனா குறைச்சுத் தாராங்களாம். கட்டிரட்டுமா? இல்ல, தம்பிள்ஸ் வாங்கி வீட்டுலயே போடட்டுமா? உங்க அக்கா என்னன்னா, காலைல மைதானத்துல நடந்தாலே போதும்ங்கா. நீ சொல்லு."

போனில் சொல்லி முடிக்கிற விஷயமாக அது எனக்குப் படவில்லை. அவர் கேட்ட மூன்று வழியிலும் நான் நடந்து பார்த்திருக்கிறேன். என்னிடம் இதே கேள்வியைக் கேட்கிறவர்களும் இப்போது அதிகம். அதனால் அத்தானுக்குச் சொன்னதையே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் என் கதை. 38 வயதில் எனக்கு 86 கிலோ. எட்டு மாதம் விடாமல் நடந்தேன், மூன்று கிலோதான் குறைந்தது. பொறுமை போய், சோற்றை அடியோடு நிறுத்தினேன். ராத்திரிச் சாப்பாட்டையும் பாதி நாள் விட்டேன். நான்கு மாதத்தில் மேலும் 11 கிலோ போயிற்று. தராசைப் பார்த்துச் சந்தோஷப்பட்டவன் கண்ணாடியைப் பார்த்துச் சந்தோஷப்படவில்லை. கன்னம் ஒட்டிப்போயிற்று, கை மெலிந்துவிட்டது, தொப்பை மட்டும் சின்னதாகி அங்கேயே இருந்தது. பார்க்கிறவர்கள் எல்லாம் "உடம்புக்கு என்ன?" என்று விசாரித்தார்கள். அந்தச் சமயத்தில் ஒருநாள் கேஸ் சிலிண்டரை மாடிக்குத் தூக்க வேண்டி வந்தது. கேஸும் இரும்பும் சேர்த்து 30 கிலோ வரும். முன்பெல்லாம் தோளில் போட்டுக்கொண்டு ஏறுவேன். அன்று ஆறாவது படியில் இறக்கி வைத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அடுத்த ஒரு வருடத்தில் குறைந்த எடை முழுக்கத் திரும்ப வந்துவிட்டது. போன தசை மட்டும் வரவில்லை.

எடை குறைவது வேறு, உடம்பு இறுகுவது வேறு என்று எனக்குப் புரிந்தது அந்தப் படியில்தான். சாப்பாட்டைக் குறைத்தால் உடம்பு கொழுப்பையும் கரைக்கும், கூடவே தசையையும் கரைக்கும். இந்தத் தசை வேண்டும், தினமும் வேலை இருக்கிறது என்று உடம்புக்குத் தெரிந்தால்தான் அதை விட்டுவைக்கும். பாரம் தூக்குவது அதைத் தெரிவிக்கிறது, சாப்பாட்டில் உள்ள புரதம் அந்தத் தசையைக் கட்டுகிறது. இந்த இரண்டும் இருந்து, மொத்தச் சாப்பாடும் கொஞ்சம் குறைந்தால், போவதில் பெரும்பகுதி கொழுப்பாக இருக்கும்.

அதனால் எந்த வழியானாலும் நான் இரண்டு கேள்விதான் கேட்பேன். தூக்குகிற பாரம் மாதா மாதம் கூடுவதற்கு அதில் இடம் இருக்கிறதா? சித்திரை வெயிலிலும் ஐப்பசி மழையிலும் அதைத் தொடர முடியுமா?

அக்கா சொல்லும் நடை

பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்தில் விடிவதற்கு முன்பே நடக்க வந்துவிடுகிறவர்களை எனக்கு மிகவும் பிடிக்கும். நடையைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனசு வராது. இதயத்துக்கு நல்லது, ரத்த அழுத்தத்துக்கு நல்லது, சாப்பிட்ட பிறகு ஏறுகிற சர்க்கரையைப் பிடித்து நிறுத்தும், தூக்கம் வரும். செலவும் இல்லை.

ஆனால் அது மட்டும் போதாது. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வேக நடை போன்ற மிதமான உழைப்பு செய்ய வேண்டும் என்கிறது. அதோடு சேர்த்து, வாரத்தில் குறைந்தது இரண்டு நாள் உடம்பின் பெரிய தசைகளுக்கெல்லாம் வலுப்பயிற்சி வேண்டும் என்றும் சொல்கிறது. முதலில் சொன்னது ஊருக்கெல்லாம் தெரியும். இரண்டாவது நம் பக்கம் இன்னும் வந்து சேரவில்லை.

கணக்கையும் பாருங்கள். அத்தான் எடைக்கு ஒரு மணி நேரம் வேகமாக நடந்தால் 280 கலோரி அளவில் செலவாகும். நடந்து முடித்துவிட்டு வாசலில் ஒரு டீ, இரண்டு உளுந்த வடை என்றால் அந்தக் கணக்கு அங்கேயே நேராகிவிடும். போதாததற்கு, இரண்டு மூன்று மாதத்தில் கால் பழகிவிடும். பழகிய பிறகு தசைக்கு அதில் புது வேலை கிடையாது. தோளுக்கும் முதுகுக்கும் கைக்கும் ஆரம்பத்திலிருந்தே வேலை கிடையாது. பாரம் கூட இடமில்லாத பயிற்சி இது.

ஆகவே நடை இருக்கட்டும், துணையாக இருக்கட்டும். அக்கா சொன்னதில் பாதி சரி.

தண்டால், பஸ்கி, இளவட்டக்கல்

"அந்தக் காலத்து ஆளுக ஜிம்முக்கா போனாங்க?" என்று கேட்கிறவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. பதில் நம் மண்ணிலேயே கிடக்கிறது.

ராதாபுரம், பணகுடிப் பக்கத்துக் கிராமங்களில் பொங்கலுக்கு இளவட்டக்கல் தூக்கும் போட்டி வைப்பார்கள். உருண்டைக் கல், பிடிக்க மூலை முடுக்கு எதுவும் கிடையாது. குத்தவைத்து, இரண்டு கையாலும் கல்லை அணைத்து, முதலில் மடிக்கு ஏற்ற வேண்டும். மடியில் வைத்து மூச்சுப் பிடித்து நெஞ்சுக்கு, நெஞ்சிலிருந்து தோளுக்கு, தோளிலிருந்து முதுகுப் பக்கமாகக் கீழே. இந்தக் கல்லைத் தூக்குகிறவனுக்குத்தான் பெண் கொடுத்தார்கள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஜிம்மில் தரையிலிருந்து தூக்குவதை டெட்லிஃப்ட் என்றும், குத்தவைத்து எழுவதை ஸ்குவாட் என்றும் சொல்லிக் கொடுப்பதெல்லாம் அந்த ஒரே தூக்கில் இருக்கிறது. அதைவிட முக்கியமாக நான் பார்ப்பது, அங்கே கல் ஒன்றாக இருக்காது. சின்னக் கல், அடுத்த கல், பெரிய கல் என்று வரிசையாகக் கிடக்கும். சின்னதைத் தூக்கினவன் அடுத்ததற்குப் போவான். பாரம் படிப்படியாகக் கூட வேண்டும் என்பது கல் போட்டவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

கையை ஊன்றி எடுக்கிற தண்டாலுக்கும், குத்தவைத்து எழுகிற பஸ்கிக்கும் வருவோம். இவை நல்ல ஆரம்பம். பத்துத் தண்டால் எடுக்க முடியாதவருக்கு முதல் இரண்டு மூன்று மாதம் இதுவே போதும், தசை வளரும். முப்பது நாற்பது சுலபமாக வந்துவிட்ட பிறகு அது மூச்சுக்கான பயிற்சியாகிவிடுகிறது, வலு அதே இடத்தில் நிற்கிறது. அப்போது முதுகில் புத்தகப் பையைக் கட்டிக்கொண்டு எடுக்கலாம். கையில் பிடித்துச் சுழற்றுகிற கர்லாக்கட்டை தோளுக்கு அருமையானது. சிலம்பம் மூச்சுக்கும் கால் வேகத்துக்கும். ஆசைப்படுகிறவர்கள் தாராளமாகக் கற்றுக்கொள்ளுங்கள். ஆனால் 47 வயதில் தொப்பையைக் குறைக்க வருகிறவருக்கு இவற்றை மட்டும் நம்பச் சொல்ல மாட்டேன். முதுகை இழுத்து வலுவாக்குகிற வேலை இவற்றில் குறைவு.

வீட்டில் இரும்பு வாங்கிப் போடுவது

கழற்றி மாட்டுகிற தட்டு வைத்த ஒரு ஜோடி தம்பிள்ஸ், கை ஒன்றுக்கு 15 கிலோ வரை ஏற்றுவது போல. தொங்கி உடம்பை மேலே இழுப்பதற்கு, வாசல் நிலையில் மாட்டுகிற ஒரு புல்லப் கம்பி. முதுகுக்குக் கீழே போட ஒரு பாய். இவ்வளவு போதும். ஒருமுறை செலவு, பிறகு செலவில்லை. இரும்பு கெட்டுப்போகிற பொருளும் இல்லை.

இந்த வழி யாருக்கு என்று கேட்டால், என் மதினியைச் சொல்வேன். அண்ணன் குடும்பம் கல்லிடைக்குறிச்சியில் இருக்கிறது. மதினிக்கு 52 வயது. மாதவிலக்கு நின்ற பிறகு முழங்கால் வலியும் இடுப்பு வலியும் ஆரம்பித்தது. ஜிம் என்றால் போக மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். "தம்பி, வயசான காலத்துல குண்டு தூக்குனா ஆம்பளை மாதிரி ஆயிருவேன்லா" என்றும் ஒரு பயம். அந்தப் பயத்துக்கு இடமே இல்லை. ஆண்களின் உடம்பில் தசையைப் பெருக்குகிற டெஸ்டோஸ்டிரோன் பெண்களுக்கு மிகக் குறைவு. பெண்கள் பாரம் தூக்கினால் எலும்பு உறுதிப்படும், அந்த வயதில் வேகமாகத் தேய்கிற எலும்புக்கு அதுதான் வேண்டும்.

ஆரம்பித்தது நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவதில். பத்து தடவை, மூன்று முறை. மூன்றாவது வாரம் நெஞ்சோடு இரண்டு கிலோ உளுந்துப் பையை அணைத்துக்கொண்டு அதே பயிற்சி. அப்புறம் அஞ்சு கிலோ தம்பிள். சுவரில் கை வைத்து எடுக்கிற தண்டால், பிறகு திண்ணையில், பிறகு பாயில் முழங்கால் ஊன்றி. திங்கள், வியாழன் என்று வாரத்தில் இரண்டு நாள், அரை மணி நேரம். எட்டு மாதம் கழித்து நான் போயிருந்தபோது கடைக்காரப் பையன் 25 கிலோ அரிசிச் சிப்பத்தை வாசலில் இறக்கி வைத்துவிட்டுப் போனான். நான் எழுந்திருப்பதற்குள் மதினி இடுப்பை மடக்கி, முதுகை நேராக வைத்து, அதை அணைத்துத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வீட்டுப் பயிற்சியில் ஒரு குறை உண்டு, அது கால். ஆண்களுக்குத் தொடையும் இடுப்பும் ஆறு மாதத்திலேயே 15 கிலோ தம்பிள்ஸைத் தாண்டிவிடும். ஒற்றைக் காலில் செய்து கொஞ்ச காலம் இழுக்கலாம். இன்னொரு குறை, வீடு என்பதே. தம்பிள்ஸைக் கையில் எடுக்கும் நேரம் பார்த்துக் காலிங் பெல் அடிக்கும். இதைத் தாண்டி நிற்கிற மன உறுதி எல்லோருக்கும் இருப்பதில்லை. என் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் தம்பிள்ஸ் இரண்டு வருடம் தூங்கியிருக்கிறது.

ஜிம்

பாரம் கூடுவதற்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. பாளை, வண்ணாரப்பேட்டை, டவுண், பெருமாள்புரம் என்று எங்கே பார்த்தாலும் இப்போது ஜிம் இருக்கிறது. ஆனால் எந்த ஜிம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

நான் முதலில் சேர்ந்த இடத்தில், முதல் நாளே பயிற்சியாளர் 150 பஸ்கி போடச் சொன்னார். அதன் மேல் கால் மெஷின் மூன்று. மறுநாள் படி இறங்க முடியவில்லை. மூன்றாவது நாள் கழிப்பறையில் உட்கார முடியவில்லை. வலி வந்தால்தான் பலன் என்று சொல்லிச் சமாளித்தார். அது தவறு. பழகாத உடம்பில் அப்படி அளவுக்கு மீறிப் போட்டால், சிலருக்குத் தசை சிதைந்து சிறுநீர் கறுப்பு டீ நிறத்தில் போகும், சிறுநீரகம் வரை பாதிக்கும். அப்படி நிறம் மாறினால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நல்ல பயிற்சியாளர் முதல் இரண்டு வாரம் உங்களுக்கு இன்னும் செய்யலாமே என்று தோன்றும்போதே நிறுத்திவிடுவார்.

சேருவதற்கு முன் ஒரு நாள் போய் நின்று பாருங்கள். கம்பியைத் தோள் உயரத்தில் தாங்குகிற ஸ்குவாட் ரேக் இருக்கிறதா? 20 கிலோ நீளக் கம்பி இருக்கிறதா? ஒன்றேகால் கிலோ சின்னத் தட்டு இருக்கிறதா? இந்தச் சின்னத் தட்டு அற்பமாகத் தெரியும், ஆனால் பாரத்தை இரண்டரை இரண்டரைக் கிலோவாகக் கூட்டுவதற்கு அதுதான் வேண்டும். அது இல்லாத இடத்தில் ஒரே தாவலாக ஐந்து கிலோ ஏற்றச் சொல்வார்கள், தோள் வலி அங்கேதான் ஆரம்பிக்கும். வீட்டிலிருந்து பத்து நிமிடத்துக்குள் இருக்க வேண்டும். ஊசி போட்டால் சீக்கிரம் ஏறும் என்று யாராவது காதில் சொன்னால், கட்டிய பணம் போனாலும் பரவாயில்லை, அந்தப் படியை மறுபடி மிதிக்காதீர்கள். ஸ்டீராய்டு ஊசி இதயத்தைக் கெடுக்கும், உடம்பு தானாகச் சுரக்கிற ஹார்மோனை நிறுத்தும், குழந்தைப்பேற்றையே பாதிக்கும்.

ஆறு மாதத்துக்கு மொத்தமாகக் கட்டலாமா என்ற அத்தானின் கேள்விக்கு என் பதில், வேண்டாம். முதல் மாதம் மட்டும் கட்டுங்கள். அந்த மாதத்தில் பத்து நாளாவது போயிருந்தால், அடுத்த மூன்று மாதத்துக்குக் கட்டுங்கள்.

அங்கே போய் என்ன செய்வது? தினமும் ஒரு தசை என்று ஆறு நாள் பிரித்துக் கொடுப்பார்கள். புதியவருக்கு அது தேவையில்லை. வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் உடம்பு முழுக்க: குத்தவைத்து எழுவது ஒன்று, தரையிலிருந்து தூக்குவது ஒன்று, பெஞ்சில் படுத்து நெஞ்சிலிருந்து தள்ளுவது ஒன்று, தலைக்கு மேல் தூக்குவது ஒன்று, தன்னை நோக்கி இழுப்பது ஒன்று. ஐந்து பயிற்சி, ஒவ்வொன்றும் மூன்று செட், அதாவது இடையில் ஓய்வு விட்டு மூன்று சுற்று, செட்டுக்கு எட்டுப் பத்து முறை. செட் முடியும்போது இன்னும் இரண்டு முறை வரும் என்கிற இடத்தில் நிறுத்த வேண்டும். ஒரு மணி நேரத்தில் வீட்டுக்குப் போகலாம்.

கூட ஒரு நோட்டு. நாற்பது பக்க நோட்டு போதும். என் முதல் நோட்டு இன்னும் இருக்கிறது, வியர்வை பட்டு ஓரம் சுருண்டுபோய். முதல் பக்கத்தில் "ஸ்குவாட் 20 கிலோ: 8, 8, 7" என்று இருக்கிறது. வெறும் கம்பி. அடுத்த வாரம் 8, 8, 8. அதற்கடுத்தது 22.5 கிலோ: 8, 7, 6. கடைசிப் பக்கம், ஒன்பது மாதம் கழித்து, 75 கிலோ. இடையில் காய்ச்சல், ஒரு கல்யாணம், ஐந்து நாள் மழை எல்லாம் அந்த நோட்டிலேயே இருக்கிறது. ஜிம்முக்கு வருடக்கணக்காகப் போயும் உடம்பு அப்படியே இருக்கிறவர்கள் பலரை எனக்குத் தெரியும். அவர்களில் ஒருவரிடமும் நோட்டு இல்லை. போன மாதம் எத்தனை கிலோ தூக்கினோம் என்றே தெரியாவிட்டால், இந்த மாதம் எப்படிக் கூட்டுவது?

இலையில் என்ன மாற்றுவது

இரும்பைப் பற்றி இவ்வளவு பேசினாலும் தொப்பை குறைவது அடுப்படியில்தான். இங்கேயும் மூன்று வழி கண் முன்னால் இருக்கிறது. பட்டினி கிடப்பது, சோறு இட்லி எல்லாவற்றையும் விட்டுவிட்டு கறி, முட்டை, காய் என்று பேலியோ போவது, வீட்டுச் சாப்பாட்டையே திருத்திக்கொள்வது.

பட்டினியைப் பற்றி என் கதையிலேயே சொல்லிவிட்டேன். பேலியோவில் முதல் இரண்டு வாரம் மளமளவென்று எடை இறங்கும், அது பெரும்பாலும் தண்ணீர். மாவுச்சத்து உடம்பில் சேமித்து வைக்கப்படும்போது ஒரு கிராமுக்கு மூன்று கிராம் அளவில் தண்ணீரும் கூடவே நிற்கும். மாவுச்சத்தை நிறுத்தினால் அந்தத் தண்ணீரும் போகும். அதற்குப் பிறகும் பேலியோவில் சிலருக்கு நன்றாகக் குறைகிறது, சர்க்கரையும் இறங்குகிறது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நம் வீடுகளில் ஒருவருக்கு மட்டும் தனி அடுப்பு எத்தனை நாள் நடக்கும்? அத்தைக்குச் சஷ்டியப்தபூர்த்தி, கொழுந்தியாளுக்கு வளைகாப்பு, சொதிச் சாப்பாடு. இலையில் சோறு விழுகிற அன்றைக்கு விரதம் முடிந்தது, மறுநாள் குற்ற உணர்ச்சி, அதற்கு மறுநாள் பழைய கதை. இரண்டு வருடம் தாங்காத சாப்பாட்டு முறையை இரண்டு மாதத்துக்குத் தொடங்க வேண்டாம் என்பது என் கட்சி.

அத்தான் ஒரு நாள் சாப்பிடுவதை எழுதி வாங்கினேன். காலையில் ஐந்து இட்லி, சாம்பார், சட்னி. பதினொரு மணிக்கு டீயும் வடையும். மத்தியானம் சோறு, சாம்பார் அல்லது புளிக்குழம்பு, ஒரு பொரியல், மோர். சாயங்காலம் மிக்சர், டீ. ராத்திரி நாலு தோசை. கூட்டிப் பார்த்தால் புரதம் 45 கிராமைத் தாண்டவில்லை. பாரம் தூக்குகிறவருக்கு, இருக்க வேண்டிய எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் அளவில் புரதம் நல்லது. அத்தானுக்கு 70 கிலோ என்று வைத்தால் 110 கிராம். முதலில் 90, 100 தொட்டாலே வித்தியாசம் தெரியும்.

எப்படித் தொடுவது? காலையில் ஐந்து இட்லி மூன்றாகட்டும், கூட மூன்று அவித்த முட்டை, அதில் 18 கிராம். பதினொரு மணி வடைக்குப் பதில் ஒரு கை பொரிகடலை. நூறு கிராம் பொரிகடலையில் 20 கிராம் புரதம் இருக்கிறது, எண்ணெய் இல்லை. மத்தியானம் சோறு ஒரு கரண்டி குறையட்டும், மீன் இரண்டு துண்டு கூடட்டும். உவரி, கூட்டப்புளிக் கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு சாளையும் நெத்திலியும் சாப்பிடாமல் டப்பாவில் வருகிற புரத பவுடரைத் தேடுவது எனக்கு வருத்தமாக இருக்கும். நூறு கிராம் சாளையில் 20 கிராம் புரதம், இதயத்துக்கு நல்ல கொழுப்பும் உண்டு. பொரிக்காமல் குழம்பாக வையுங்கள். சாயங்காலம் மிக்சருக்குப் பதில் சுண்டல். ராத்திரி இரண்டு தோசையும் ஒரு கிண்ணம் கெட்டித் தயிரும்.

அப்புறம் உளுந்தஞ்சோறு. இதைப் பற்றி எழுதாமல் என்னால் விட முடியாது. தோலோடு உடைத்த கறுப்பு உளுந்தும் அரிசியும் வெந்தயமும் பூண்டும் தேங்காயும் போட்டு ஆச்சி வைத்த சோறு. தொட்டுக்கொள்ள எள்ளுத் துவையல். உளுந்தில் நூற்றுக்கு 24 கிராம் புரதம். புரதத்தின் கூறுகள்தான் அமினோ அமிலங்கள்; பருப்பில் குறைகிற அமினோ அமிலம் அரிசியிலும் எள்ளிலும் உண்டு, அரிசியில் குறைகிறது பருப்பில் உண்டு. சேர்த்துச் சாப்பிட்டால் புரதம் முழுமையாகிறது. எங்கள் வீட்டில் இரண்டு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து போடுவார்கள். நான் ஒன்றுக்கு ஒன்று போடச் சொல்லிவிட்டேன், தேங்காயைப் பாதியாக்கினேன். 50 கிராம் உளுந்தும் 50 கிராம் அரிசியும் வெந்தால் ஒரு தட்டுச் சோறு, அதில் 15 கிராம் புரதம். ருசி கெடவில்லை, உளுந்து மணம் கூடத்தான் செய்தது.

கண்ணில் படாமல் தொப்பை போடுவது எண்ணெய். நாலு பேர் வீட்டில் மாதம் நாலு லிட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஒரு லிட்டர், 8,200 கலோரி, நாளுக்கு 270. இதை நாலு லிட்டரிலிருந்து இரண்டரையாக்கினால் ஒருவருக்கு நாளொன்றுக்கு நூறு கலோரி குறையும், யாரும் பட்டினி கிடக்கவில்லை. ஒரு கிலோ கொழுப்பில் 7,700 கலோரி இருக்கிறது. தினம் நானூறு ஐந்நூறு கலோரி குறைந்தால் வாரத்துக்கு அரைக் கிலோ கணக்கில் இறங்கும். அந்த வேகம் போதும், அதற்கு மேல் அவசரப்பட்டால் தசை போகும்.

பரோட்டாவும் அல்வாவும் இல்லாமல் திருநெல்வேலியா என்று கேட்பீர்கள். விடச் சொல்லவில்லை. சால்னாவில் ஊறிய மூன்று பரோட்டா ஆயிரம் கலோரியை நெருங்கும் என்று தெரிந்து, மாதத்துக்கு இரண்டு முறை, ஆசையாகச் சாப்பிடுங்கள். ஆனித் தேரோட்டத்துக்கு அல்வா வந்தால் ஒரு துண்டு எடுத்துக்கொள்ளுங்கள். சும்மா இருக்கிற செவ்வாய்க்கிழமை ராத்திரிக்கு அல்வா எதற்கு?

பவுடர் வாங்கலாமா? முட்டை, மீன், கோழி சாப்பிடுகிறவருக்குத் தேவையில்லை. ஒரு முட்டையில் ஆறு கிராம், விலையும் குறைவு. வே என்கிற புரத பவுடரில் அதே ஆறு கிராமுக்கு இரண்டு மூன்று மடங்கு ஆகும். சைவ வீடுகளில் கதை வேறு. பருப்பும் தயிரும் வைத்து நூறு கிராமைத் தொட முயன்றால் கலோரி கூடிப்போகும். அவர்கள் முதலில் சோயாவில் செய்கிற மீல் மேக்கரைப் பழகலாம். காய்ந்த நிலையில் நூறு கிராமில் 50 கிராம் புரதம், இவ்வளவு மலிவாக வேறு எதிலும் கிடைக்காது. அது பிடிக்காவிட்டால் நாளுக்கு ஒரு கரண்டி வே பவுடர் நியாயமான செலவு, அதுவும் பாலிலிருந்து வருகிற பொருள்தான். போலி அதிகம், நம்பிக்கையான கடையில் வாங்குங்கள். ஏற்கெனவே சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவர்களும் கேட்டுவிட்டே ஆரம்பிக்க வேண்டும், பயிற்சியால் சர்க்கரை சட்டென்று தாழ்ந்துபோகலாம்.

யாருக்கு எது

ஐம்பது தாண்டியவர், மூட்டு வலி உள்ளவர், வெளியே போகத் தயங்குகிறவர் என்றால் வீடு. வாரம் இரண்டு நாள் போதும், நடையும் இருக்கட்டும். கல்லூரிப் பையன்களுக்குத் தண்டாலும் புல்லப்பும் மூன்று மாதம், பிறகு ஜிம். அம்பாசமுத்திரம், களக்காட்டுப் பக்கம் வாழைத் தோட்டத்தில் தார் சுமக்கிறவருக்கு நான் புதிதாக எந்தப் பயிற்சியும் சொல்ல மாட்டேன், அவர் தட்டில் புரதம் இருக்கிறதா என்று மட்டும் கேட்பேன். நாள் முழுக்க உட்கார்ந்து வேலை பார்க்கிற, சர்க்கரை விளிம்பில் நிற்கிற, நாற்பதைத் தாண்டிய ஆண்களுக்கு என் வாக்கு ஜிம்முக்குத்தான். ரத்தத்துச் சர்க்கரையை வாங்கி வைத்துக்கொள்கிற பெரிய கிட்டங்கி தசைதான், அதைப் பெரிதாக்க அங்கேதான் வழி இருக்கிறது. பக்கத்தில் நல்ல ஜிம் இல்லாவிட்டால் மட்டும் வீடு.

இன்னொன்று, தராசை மட்டும் பார்க்காதீர்கள். கொழுப்பு போய்த் தசை ஏறுகிற முதல் சில மாதங்களில் எடை அப்படியே நிற்பது போலத் தெரியும். தையல்காரர் டேப்பை வாங்கி, வாரத்தில் ஒரு நாள் காலையில் வெறும் வயிற்றில், தொப்புள் மட்டத்தில் அளந்து எழுதுங்கள். நம் நாட்டு ஆண்களுக்கு இடுப்பு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80, இதற்குள் இருக்க வேண்டும் என்பது கணக்கு. அத்தானுக்கு அன்று 98.

இதையெல்லாம் கேட்டுவிட்டு அத்தான் ஒரு மாதத்துக்கு மட்டும் பணம் கட்டினார். திங்கள், புதன், வெள்ளி காலை ஆறு மணி. செவ்வாயும் சனியும் அக்காவோடு நடை. அடுப்படி எண்ணெய்க் கணக்கை அக்கா எடுத்துக்கொண்டாள். போன வெள்ளிக்கிழமை அத்தான் நோட்டைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். கோணல் எழுத்தில், "பெஞ்ச் 20 கிலோ: 8, 8, 6." அதற்குக் கீழே கோடு போட்டு, "திங்கட்கிழமை இந்த 6, 8 ஆகணும்."